மூடுபனி ஐயாவின் பதினைந்து கண்ணாடிகள்

விடிகாலை மூன்று மணி. மாதா கோயிலுக்குப் பின்னால் இறங்கிக் காட்டுப் பக்கம் போகிற அந்தப் பள்ளப் பாதை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் கரை. கரைக்கு மேலே, அந்தக் காலத்தில், வரிசை வரிசையாகத் திராட்சை வளர்க்கிற கண்ணாடி வீடுகள். நிலா இருந்தால் ஹூய்லார்ட் ஊரே ஒரு ஏரி மாதிரி மின்னும்.

அன்றைக்கு நிலா இல்லை. மூடுபனி.

கையில் ஒரு லாந்தர். காலில் மரச்செருப்பு... டக், டக், டக். நடந்து போகிறவர் நம் ஜோசினுடைய பெரியப்பா, சிரீல். வருஷம் 1920, நவம்பர். ஜோசின் இன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் என்னைச் சொல்ல விட்டிருக்க மாட்டாள்.

என்ன ரூடி? பேய் வரும்போது சொல்கிறேன், அப்போது நீ எழுந்து பீர் எடுக்கப் போகலாம். இப்போது உட்கார். மின்சாரம் வருகிற வரைக்கும் வேறு வேலையும் இல்லை. கதவை மட்டும் யாராவது சாத்துங்கள்... குளிர் காலடியில் வருகிறது.

சிரீல் அந்தப் பாதையிலேயே கொஞ்ச நேரம் நிற்கட்டும். முதலில் டெல்சோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எவ்ரார் டெல்சோ. பிரஸ்ஸல்ஸில் நோட்டரி குடும்பம். அப்பா மகனைத் தன் நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தார். மகன் புகைப்படப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் காட்டோரத்துக்கு வந்து ஒரு வீட்டை வாங்கிவிட்டார். அவர் எடுத்த படங்கள் புகைப்படம் மாதிரியே இருக்காது. கரித்துண்டால் வரைந்தது போல இருக்கும். பிசினில் சாயத்தைக் குழைத்துத் தாளில் பூசுவார். அதன் மேல் படம் பதிந்த கண்ணாடித் தகட்டை வைத்து வெயில் காட்டுவார். பிறகு தாளை வெந்நீரில் போட்டு, ஒரு மெல்லிய தூரிகையால் மணிக்கணக்கில் வருடிக்கொண்டே இருப்பார். வேண்டாத மரம் கரைந்து போய்விடும். வேண்டிய நிழல் மட்டும் தங்கும். எல்லாம் தெளிவாகத் தெரிகிற படத்தைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வருமாம். அதனால் மூடுபனி வரும் வரைக்கும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார், வந்ததும் ஓடுவார். லண்டனில் பதக்கம், பாரிஸில் பதக்கம், வியன்னாவில் பதக்கம். ஊரில் அவருக்கு 'மூடுபனி ஐயா' என்று பெயர். நமக்குப் பனி வந்தால் திராட்சை போகும், அவருக்குப் பனி வந்தால் பதக்கம் வரும் என்று சாராயக் கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் படங்களில் ஆள் வேண்டும் என்றால் கோலெட்டாவைக் கூட்டிப் போவார். பத்தொன்பது வயசுப் பெண். வசந்த காலத்தில் திராட்சைக் குலையில் நெருக்கமான பிஞ்சுகளைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கிற வேலை அவளுக்கு. குளிர்காலத்தில் அந்த வேலை கிடையாது. ஆகவே போனாள். வேலையும் பெரிதில்லை. சொன்ன இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் பெட்டியின் கண்ணிலிருந்து மூடியை எடுப்பார்... டப். "அசையாதீர்கள்" என்பார், பிரெஞ்சில். நாற்பது வரை எண்ணுவார். மூடியைப் போடுவார். அவ்வளவுதான்.

1904, நவம்பர் ஒன்பதாம் தேதி. காட்டுக்குள் பீச் மரங்கள் இரண்டாகப் பிரிந்து வழி விடுகிற ஒரு இடம். கோலெட்டா நின்றாள். அவர் மூடியை எடுத்து எண்ண ஆரம்பித்தார். பனி கனத்துக்கொண்டே வந்தது. முப்பதைத் தாண்டியும் அவள் முதுகு தெரிந்தது என்று பிறகு போலீசில் சத்தியம் செய்தார். நாற்பது எண்ணி மூடியைப் போட்டுவிட்டு, போகலாம் என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை.

இருபது எட்டு வைக்கிற தூரம்தான். போய்ப் பார்த்தார். அவளுடைய மரச்செருப்புகள் இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டி, நேராக, அங்கே இருந்தன. அவள் இல்லை.

குளங்களில் கொக்கி போட்டுத் தேடினார்கள். காட்டை நாய்களோடு சல்லடை போட்டார்கள். போலீஸ் இரண்டு தடவை டெல்சோவைக் கூட்டிப் போய் விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. அந்தத் தகட்டைக் கழுவிப் பார்த்தால் மரம் இருந்தது, வழி இருந்தது, பனி இருந்தது. பெண் மட்டும் இல்லை. ஒரு நிழல்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வேறு படம் எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, அதே தேதியில், அதே இடத்துக்குப் போவார். ஆளில்லாத அந்த வழியைப் பார்த்துப் பெட்டியை வைப்பார். பெட்டிக் கண்ணின் துளையைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டு போன வருஷத்தைவிட அதிக நேரம் எண்ணுவார். முதல் வருஷம் எண்பது. அடுத்த வருஷம் நூற்றைம்பது. நாற்பது போதவில்லை, அதனால்தான் அவள் தகட்டில் விழவில்லை, இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் விழுவாள் என்று அவருக்கு ஒரு எண்ணம். போர் நடந்த வருஷங்களிலும் ஜெர்மன் காவலரிடம் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுப் போனார். 1918-இல் ஆயிரத்து நூறு வரை எண்ணினாராம். ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் வருஷத்தையும் எண்ணையும் ஊசியால் கீறி வைப்பார்.

1919-இல் மரவெட்டிகள் அவரைக் கண்டுபிடித்தார்கள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி விறைத்துப் போயிருந்தார். பெட்டியின் கண் திறந்தே இருந்தது. மூடி அவர் கைக்குள். விரலைப் பிரித்து எடுக்க முடியவில்லை என்கிறார்கள். அந்தப் பதினைந்தாவது தகட்டில் வருஷம் மட்டும் இருக்கிறது, எண் இல்லை.

இப்போது சிரீல் எப்படி இதற்குள் வந்தார் என்று கேளுங்கள்.

போர் முடிந்த சமயம் ஊரில் கண்ணாடி கிடைக்கவில்லை. சிரீலுக்கு முப்பது வயசு. நான்கு வருஷம் எய்ஸர் ஆற்றங்கரைப் பதுங்குகுழியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், அவருடைய கண்ணாடி வீட்டில் பாதிக் கூரை இல்லை. அப்போதுதான் ரோமானியைக் கல்யாணம் செய்திருந்தார். டெல்சோவின் மனைவி வீட்டை விற்றுவிட்டுப் போகிறாள், மாடியில் ஆயிரக்கணக்கில் கண்ணாடித் தகடு கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் கிறிஸ்துமஸுக்கு இரண்டு கூடை கறுப்புத் திராட்சை கொடுத்தால் போதும் என்றாள். பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகு வாசல் வரை வந்தாள்.

"எல்லாத்தையும் நல்லாக் கழுவிடுங்க. மேல இருக்கிற படம் துளிகூட இருக்கக் கூடாது. இந்தச் சின்னப் பெட்டியில இருக்கிறத மட்டும் ரெண்டு தடவ கழுவுங்க."

சிரீல் சரி என்றார். அந்தச் சின்னப் பெட்டியில் பதினைந்து தகடுகள்.

ரோமானியும் அவரும் துணி வெளுக்கிற அண்டாவில் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். தகட்டை முக்கினால் படம் தோல் மாதிரி உரிந்து மேலே வரும். குளம் வந்தது, மாடுகள் வந்தன, குடை பிடித்த ஆட்கள் வந்தார்கள். எல்லாம் சாம்பல் கஞ்சியாகிச் சாக்கடையில் போனது. இரண்டு வாரம் அந்த வேலை. அந்தப் பதினைந்து மட்டும் உரியவில்லை. சோடா, சாம்பல், கத்தி... எதற்கும் அசையவில்லை. பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் பனி. வெள்ளைப் பனி தகட்டில் கறுப்பாகத்தான் விழும், கரி படிந்த மாதிரி. ரோமானி தூக்கிப் போடச் சொன்னாள். சிரீல் கேட்கவில்லை. வெறும் பனிதானே, கோடையில் நிழலாவது கொடுக்கும் என்று சொல்லி, கொதிகலன் இருக்கிற கடைசிப் பக்கத்தில் அவற்றைப் பொருத்திவிட்டார்.

வசந்தத்தில் பிஞ்சு நறுக்க வந்த பெண்கள் அந்தக் கோடிக்குப் போக மாட்டோம் என்றார்கள். அங்கே நின்றால் விரல் நின்றுபோகிறது, கத்தரிக்கோல் திறந்தபடியே நிற்கிறது என்று ஒருத்தி. யாரோ மூச்சுக்குள் எண்ணுகிறார்கள் என்று இன்னொருத்தி. எண்ணிக்கொண்டே நறுக்கினால் வேலை சீக்கிரம் முடியும்தானே என்று சிரீல் கேலி செய்தார். அந்தக் கோடியைத் தாமே நறுக்கினார்.

சரி. சிரீல் பாதையில் நின்றுகொண்டிருக்கிறார். வாருங்கள், அவரைக் கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிப் போவோம்.

அன்றைக்கு ராத்திரி பனியோடு உறைகுளிரும் சேர்ந்துகொண்டது. பிந்திப் பழுக்கிற குலைகள் இன்னும் கொடியில் தொங்கின. கொதிகலன் அணைந்தால் வருஷத்து உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். கதவைத் திறந்து உள்ளே போனார். உள்ளே கதகதப்பு. கந்தகப் பொடி வாசனை, பழுத்த திராட்சை வாசனை. கதவிலிருந்து கொதிகலன் வரை இருபத்தாறு எட்டு. கண்ணை மூடிக்கொண்டு போவார், தினமும் நடக்கிற வழி. கரி அள்ளிப் போட்டார். நெருப்பு பிடிக்கிறதா என்று பார்த்தார். பிடித்தது. கரிவாரியைக் கீழே வைக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

திரும்பினால்... உள்ளே பனி.

கண்ணாடி வீட்டுக்குள் நீராவி வரும், அது அவருக்குத் தெரியும். நீராவி சூடாக இருக்கும். இது சில்லென்று இருந்தது. லாந்தரைத் தூக்கினார். வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. நடந்தார். இருபத்தாறு எட்டு. கதவு இல்லை. எண்ணுவதில் தப்பிவிட்டோம் என்று நினைத்தார். நாற்பது. அறுபது. நூறு எட்டு நடந்துவிட்டார். அந்தக் கண்ணாடி வீட்டின் மொத்த நீளமே முப்பது எட்டுதான்.

பக்கவாட்டில் வெந்நீர்க் குழாய் ஓடும். கை நீட்டித் தொட்டார். குழாய் இருந்தது... பனிக்கட்டி மாதிரி. திரும்பிக் கொதிகலன் பக்கம் நடந்தார். கொதிகலனும் இல்லை. அதன் உறுமல் சத்தம்கூட இல்லை. மரச்செருப்பின் டக் டக் எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. காலுக்குக் கீழே சாம்பல் கொட்டிய நடைபாதை இருக்க வேண்டும். ஆனால் சதக், சதக் என்று ஏதோ ஈரமாக மிதிபட்டது. குனிந்து கையால் அள்ளிப் பார்த்தார்.

இலை. நனைந்த பீச் இலை.

காட்டுக்குள் வந்துவிட்டோமா என்று பயந்து கரிவாரியை மேலே உயர்த்தினார். டிங். தலைக்கு மேலே கண்ணாடி. கீழே காடு, மேலே கண்ணாடி. நடுவில் அவர்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னால், பத்துப் பதினைந்து எட்டு தூரத்தில், குப்பியிலிருந்து தக்கையை எடுப்பது மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

டப்.

"அசையாதீர்கள்."

பிரெஞ்சு. பட்டாளத்தில் அதிகாரிகள் பேசிப் பேசி சிரீலுக்கு அந்த அளவு தெரியும். மரியாதையான குரல், கொஞ்சம் சளி கட்டியது. "ஒன்று... இரண்டு... மூன்று..." சிரீல் ஏழு வரைக்கும் விறைத்து நின்றார். ஏழில் திரும்பிப் பார்த்தார். எண்ணுவது நின்றது. ஒரு பெருமூச்சு. பெட்டியில் புதுத் தகட்டைச் செருகும்போது மரச் சட்டம் உரசுகிற மாதிரி ஒரு சரக்... திரும்பவும் டப்.

"அசையாதீர்கள். ஒன்று..."

ஓடினார். நின்றது. பெருமூச்சு. சரக். டப். ஒன்று. எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தக் குரல் அதே தூரத்தில், அவருக்குப் பின்னாலேயே இருந்தது. கரிவாரியை வீசிப் பார்த்தார், எதன் மேலும் படவில்லை. சட்டையெல்லாம் வேர்த்து, அந்த வேர்வை அப்படியே முதுகில் உறைய ஆரம்பித்தது. எத்தனை தடவை அது 'ஒன்று' என்று ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மூச்சு வாங்க நின்றபோது, முன்னால் பனியில் ஒரு முதுகு தெரிந்தது.

பெண். தலையில் துணி கட்டி, வேலைக்குக் கட்டுகிற ஏப்ரனை இடுப்பில் முடிந்திருந்தாள். ரோமானி என்று நினைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர், பிறகுதான் அவள் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. இலைமேல் இரண்டு வெள்ளைப் பாதங்கள்.

அவள் திரும்பவில்லை. உதடு பிரியாமல் பேசுகிறவள் மாதிரி ஒரு குரல்.

"கொல்லன் வீட்டு சிரீல்தானே நீ? குரல் மாறிப்போச்சேடா."

கோலெட்டா காணாமல் போனபோது சிரீலுக்குப் பதினான்கு வயசு. கொல்லன் மகன்தான் அவர். அவளுக்கு இன்னமும் பத்தொன்பதுதான், அவருக்கு முப்பது... ஆனால் அவள் அவரைச் சின்னப் பையனாகவே பேசினாள். பயத்தைவிட அதுதான் நெஞ்சைப் பிசைந்தது என்று ஜோசினிடம் சொன்னாராம்.

எது வரைக்கும் எண்ணுவார் என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியலடா. ஒரு தடவகூட முடிச்சதில்ல. எப்பவும் யாராச்சும் அசைஞ்சிடறாங்க."

யாராச்சும் என்றால்?

 இடது பக்கம், வெகு அருகில், யாரோ இருமலை அடக்குகிற சத்தம் கேட்டது. வலது பக்கம் நனைந்த கம்பளித் துணியின் வாடை. சிரீல் அந்தப் பக்கங்களைப் பார்க்கவில்லை.

"நீ பட்டாளத்துக்குப் போனியாமே. அப்ப உனக்கு நிக்கத் தெரியும். இந்தத் தடவ மட்டும் அசையாத. அவர் முடிச்சுட்டார்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

சிரீல் முடிவு செய்துவிட்டார். எய்ஸரில் முழங்கால் தண்ணீரில், எதிரிக்குத் தெரியாமல், விடிய விடியக் காவல் நின்றவர். லாந்தர் எண்ணெய் தீர்ந்து அணைந்தது, விட்டுவிட்டார். கரிவாரியைத் தரையில் ஊன்றிப் பிடித்தார். டப். ஒன்று.

நூறு. இருநூறு. மூக்கு அரித்தது. முந்நூறில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஐந்நூறில், கொதிகலனுக்கு இந்நேரம் கரி தீர்ந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. குலைகள் உறையும். குழாய் வெடிக்கும். அந்த வருஷம் முழுக்க ரோமானி கை வெடிக்கக் கழுவி, கட்டி, நறுக்கி வளர்த்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார். எழுநூறு. எண்ணூறு. சுற்றிலும் நிற்கிறவர்களின் மூச்சு ஒரே சீராக, அவருடைய மூச்சோடு சேர்ந்து, ஏறி இறங்கிற்று. ஆயிரத்தைத் தாண்டியதும் அந்தக் குரல் நடுங்க ஆரம்பித்தது. ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூற்று ஒன்று... சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று சிரீலுக்குப் புரிந்தது.

பனியும் மெலிந்தது. மரம் மரமாகத் தெரிந்தவை ஒவ்வொன்றாக இரும்புச் சட்டங்களாக மாறிக்கொண்டு வந்தன. தூரத்தில் மங்கலாக ஒரு செவ்வகம்... கதவு. கோலெட்டாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, ரொம்ப நேரம் சுமந்ததை இறக்கப் போகிறவள் மாதிரி. குரல் மெதுவாயிற்று. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. இன்னும் நாலைந்து. இன்னும் இரண்டோ மூன்றோ.

அப்போது வெளியிலிருந்து ரோமானி கூப்பிட்டாள்.

"சிரீல், எங்க இருக்க? சீக்கிரம் வா. லீவன் அழறான். பால் குடிக்க மாட்டேங்கறான்."

கூடவே குழந்தையின் அழுகையும் கேட்டது. வீறிட்டு அழுது, மூச்சு அடைத்து, திரும்ப வீறிடுகிற அழுகை.

சிரீல் யோசிக்கவே இல்லை. அந்தக் குழந்தையின் கனம் அவர் கையில் இருந்தது என்றார். தலையின் வாசனைகூடத் தெரிந்ததாம். கால் தானாக எழுந்துவிட்டது.

"வேண்டாண்டா" என்றாள் கோலெட்டா. கத்தவில்லை. அவ்வளவு மெல்லமாக.

எண்ணுவது நின்றது. பெருமூச்சு வந்தது... ஒன்று இல்லை. முன்னால், பின்னால், இரண்டு பக்கமும், எத்தனையோ பேர் விட்ட பெருமூச்சு. பனி திரும்பக் கனத்து இறங்கிற்று. கதவு மறைந்தது. சிரீல் கதவு தெரிந்த திசையில் ஓடி, கரிவாரியை இரண்டு கையாலும் ஓங்கி வீசினார். இந்தத் தடவை பட்டது. கண்ணாடி உடைந்து கொட்டியது. அந்த ஓட்டையில் பாய்ந்து வெளியே, உறைந்த புல்லில் விழுந்தார். முழங்கை வரை கிழிந்து ரத்தம். உள்ளே, அவருக்குப் பின்னால்... டப்.

ஒன்று.

லீவன் யார் என்றா கேட்கிறீர்கள்? பொறுங்கள். கண்ணாடி வீடு என்ன ஆயிற்று என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காமல் விட மாட்டீர்கள்.

குழாய் வெடித்திருந்தது. குலைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, தொட்டால் நசுங்கின. வசந்தத்தில் சிரீல் அந்த வீட்டையே பிரித்துவிட்டார். பதினைந்து தகடுகளையும் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருந்தபோது, பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒருவர் டெல்சோவின் மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டு வந்தார். வண்டியில் தானே ஏற்றிக் கொடுத்தார் சிரீல். இப்போது அவை ஒரு அருங்காட்சியகத்தின் நிலவறையில் இருக்கின்றன. எது என்று சொல்ல மாட்டேன், நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள். படித்தவர்கள் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். ஆளும் இல்லாமல், பொருளும் இல்லாமல், வெறும் பனியை மட்டும் அந்த மாதிரி எடுத்தவர் உலகத்திலேயே கிடையாதாம்.

சிரீல் திராட்சையை விட்டுவிட்டு டிராமில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்குப் போனார். சாகிற வரைக்கும் அவர் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. கோயிலில் பூசை நடக்கும்போதுகூடக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். கேட்டால், அந்தப் பெண் என்னை நம்பினாள் என்பார். 

இனி அந்தக் காலை.

புல்லில் விழுந்தவர் எழுந்து, ரோமானி எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். ஆள் இல்லை. குழந்தை அழுகையும் இல்லை. பள்ளப் பாதையில் விழுந்தடித்து ஓடி வீட்டுக்கு வந்தார். வீடு இருட்டாக இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். வெகு நேரம் கழித்து ரோமானி இரவு உடையோடு வந்து திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, துணியைக் கிழித்துக் கையைக் கட்ட ஆரம்பித்தாள்.

"நீ ஏன் அங்க வந்த? உள்ள வந்திருந்தா நீயும் மாட்டிக்கிட்டிருப்ப" என்றார் சிரீல்.

"எங்க வந்தேன்? நீ கதவத் தட்டினப்பத்தான் முழிச்சேன்."

"வந்து கூப்பிட்டியே."

"நான் படுக்கைய விட்டே எழுந்திரிக்கல சிரீல். என்னன்னு கூப்பிட்டேனாம்?"

சிரீல் சொன்னார். லீவன் அழுகிறான், பால் குடிக்க மாட்டேன் என்கிறான், சீக்கிரம் வா. சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. கல்யாணமாகிப் பதினான்கு மாசம். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. லீவன் என்று அவருக்கு யாரையும் தெரியாது.

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ரோமானியின் கை பாதியில் நின்றது. அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்கு. நிச்சயமாகட்டும்னு உன்கிட்டகூட இன்னும் சொல்லல" என்றாள்.  பிறகு, யாரோ பக்கத்தில் ஒட்டுக் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"பையனாப் பொறந்தா லீவன்னு வைக்கலாம்னு நேத்து ராத்திரி படுக்கும்போதுதான் நெனச்சேன். மனசுக்குள்ளதான். வாயத் தொறந்து அந்தப் பேர நான் இன்னும் சொல்லவே இல்லியே."